கோடு, கமா, ஐநூறு

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். "கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாமே" என்று ஒரு கூட்டத்தில் வாயைக் கொடுத்தேன். பராமரிப்பு, தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல், பொங்கல் வசூல் என நாலு பைதான் ஸ்கிரிப்ட் என் தலையில் விடிந்தது.

பைதானுக்குக் கமா போடத் தெரியும். ஆனால் ஒன்றேகால் லட்சத்தை 125,000 என்று காட்டும். எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். இதைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவார். கடைசி மூன்று எழுத்தை விட்டு, மிச்சத்தை இரண்டிரண்டாக வெட்டும் ஃபங்ஷன் ஒன்று எழுதினேன். 1,25,000 வந்தது. அதையே மற்ற மூன்று ஃபைலிலும் காப்பி அடித்து ஒட்டினேன்.

"தம்பி, இதென்ன? கோடு, கமா, ஐநூறு?"

யாரோ கூடுதலாகக் கட்டியிருக்கிறார். பாக்கி மைனஸ் ஐநூறு. மைனஸையும் இலக்கமாக எண்ணி -,500 என்று அச்சடித்திருக்கிறது. பராமரிப்பு ஃபைலில் திருத்தினேன். அடுத்த மாதம் தண்ணீர் பில்லில் அதே கோடு, கமா. அதற்கடுத்து டீசலில். அம்மை மாதிரி வரிசையாகப் போட்டது.

காப்பி வேண்டாம், இம்போர்ட் செய்வோம் என்று தண்ணீர் ஃபைலில் பராமரிப்பு ஃபைலை இழுத்தேன். இம்போர்ட் என்றால் அந்த ஃபைலை மேலிருந்து கீழ்வரை ஓட்டித்தான் தீரும். கடைசி வரியோ 48 வீட்டுக்கும் 'உடனே பணம் கட்டவும்' மெயில். கரண்டி இரவல் கேட்கப் போனால் அடுப்பைப் பற்றவைத்து ஊருக்கே இலை போட்ட கதை. நேரடியாக ஓட்டினால் மட்டும் அனுப்பு என்று ஒரு இஃப் வைத்திருக்கலாம். கட்டி முடித்தவர்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் வைத்தேன்.

பிறகு ஃபங்ஷனைத் தனி ஃபைலுக்கு மாற்றி 'நம்பர்ஸ்' என்று பெயரிட்டேன். பைதானிலேயே அந்தப் பெயரில் ஒரு மாட்யூல் உண்டு. என் ஸ்கிரிப்ட்டுகள் பயன்படுத்தும் டெசிமல் மாட்யூல் அதைத் தேடும். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் தேடும் என்பதால் என்னுடையது மாட்டியது. 'நம்பர்ஸில் நம்பர் இல்லை' என்று ஒரு எர்ரர். அரைநாள் போயிற்று. பைதான் 3-இல் தமிழிலும் பெயர் வைக்கலாம். 'கமா' என்று வைத்தேன். போட்டிக்கு ஆளில்லை.

சும்மா இருந்திருக்கலாம். பைசாவும் காட்டுவோமே என்று ஒரு ராத்திரி கமாவில் கைவைத்தேன். மறுநாள் நாலு பில்லிலும் 1250 ரூபாய் 50 காசு 12,50,.50 ஆகியிருந்தது.

பொருளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "முன்னெல்லாம் ஒரு பில்லுதானே தப்பா வரும், தம்பி?"