அவுன்ஸ் என்றால் குற்றம், கொள்கலன் என்றால் அபிவிருத்தி

பொத்துவிலில் பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு வைத்திருக்கும் வெள்ளாமைக்காரர்களுக்கு வருடக் கடைசியில் பன்றியை விட, யானையை விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். கிராம சேவகர், பொலிஸ், பிரதேச செயலகம் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கி, கடைசியில் அக்கரைப்பற்று வழியாக பஸ் பிடித்து அம்பாறைக் கச்சேரிக்குப் போக வேண்டும். அங்கே கையில் தரும் பாரம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். தமிழில் வேலை நடக்கும் கரையோர மாவட்டம் ஒன்று வேண்டுமென்று இந்தப் பக்கத்து ஆட்கள் எத்தனை காலமாகக் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. மேசைக்கு அப்பால் நடக்கும் விசாரணை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

"காக்கா, தோட்டா எத்தன மிச்சம் இருக்கு?"

"ரெண்டு, சேர்."

"போன வருசமும் ரெண்டுதானே? பன்றி வரல்லயா?"

"வந்த, சேர். நான்தான் சுடல்ல."

"சுடாட்டி துவக்கு என்னத்துக்கு?"

சுட்டிருந்தால் ஏன் சுட்டாய் என்று கேட்பார்கள். அரசாங்கத்தின் கணக்கு அவ்வளவு நுணுக்கமானது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கைப் பார்த்துக்கொள்கிறது. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் மருந்தைப் பார்த்துக்கொள்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு சிரட்டை கருமருந்து வீட்டில் அகப்பட்டால், அந்த வீட்டுக்காரர் அடுத்த நாள் பேப்பரில் வருவார், முகத்தைச் சாரனால் மூடிக்கொண்டு.

அமெரிக்காக்காரன் கொடுத்து வைத்தவன். அங்கே சுட்டு முடித்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, அவற்றில் புது மருந்தும் குண்டும் அடைத்து, திரும்பச் சுடுவதைப் பொழுதுபோக்காகச் செய்யும் பெருங்கூட்டம் உண்டு. பழங்காலத் துவக்குக்காரர் லைசன்ஸ் இல்லாமலே 50 இறாத்தல் கருமருந்து வரை வைத்திருக்க அந்த நாட்டு மத்திய சட்டம் இடம் கொடுக்கிறது. புகையில்லா மருந்து என்றால், தீப்பாதுகாப்பு விதிப்படி 20 இறாத்தல் வரை வாங்கிய டப்பாவிலேயே வீட்டில் வைக்கலாம். அதற்கு மேலே 50 வரை வைக்க ஓர் அங்குலத் தடிப்புப் பலகையில் ஒரு பெட்டி அடித்தால் போதும். ஒரு தச்சன் இருந்தால் பொத்துவிலில் யாரும் சட்டத்துக்கு அமைந்து வாழலாம் என்று தோன்றும். அந்தப் பலகைப் பெட்டி எங்களுக்கு வேண்டாம். படுக்கை அறையில் 20 இறாத்தலோடு தூங்கும் நாட்டின் லட்சணம் உலகத்துக்கே தெரியும். மருந்துக்கு அளவு வைக்கத்தான் வேண்டும், கடுமையாகவே வைக்க வேண்டும். அந்த அளவு யாருக்கு என்பதில்தான் எங்களுக்கு வயிறு எரிகிறது.

கரடியனாறு இங்கிருந்து தூரமில்லை, பக்கத்து மாவட்டம். 2010 செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை. வீதி போட வந்த சீனக் கம்பனிக்குப் பாறை உடைக்க டைனமைட் தேவை. அதைக் கொள்கலன்களில் கொண்டுவந்து நிறுத்திய இடம் காடா, கல்மலை அடிவாரமா? பொலிஸ் நிலைய வளவு. சட்டத்தைக் காக்கும் இடமே பத்திரமான இடம் என்று யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றியிருக்கிறது. பகல் வேளையில் அது வெடித்தது. இருபதுக்கும் அதிகமானோர் செத்தார்கள். கடமையில் நின்ற பொலிஸாரும் இரண்டு சீனரும் அதில் அடக்கம். நிலையம் இருந்த இடத்தில் குழிதான் மிச்சம். நாசவேலை இல்லை, விபத்து என்றார்கள். நம்புகிறோம். எங்கள் வீட்டில் வெடித்திருந்தால் அதே சொல் எங்களுக்கும் கிடைத்திருக்குமா என்று மட்டும் கேட்டு வைக்கிறோம்.

அதில் படித்த பாடத்தை 2016 ஜூன் 5இல் கொஸ்கம, சாலாவையில் ஒப்புவித்தார்கள். ஒருகாலத்தில் பிளைவூட் ஆலை இருந்த இடத்தில் இராணுவ ஆயுதக் களஞ்சியம், அதைச் சுற்றி வீடுகள், கடைகள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தீப்பிடித்து இரவு முழுக்க வெடித்தது. ஒரு படைவீரர் இறந்தார், நூற்றுக்கணக்கான வீடுகள் பாழாகின, கூரை வழியே குண்டுத் துண்டுகள் விழுந்தன. அந்தக் களஞ்சியத்துக்கு எந்தக் கிராம சேவகரும் "அயலவருக்கு ஆட்சேபனை இல்லை" என்று சான்றிதழ் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இனி 2019. ஜனவரியிலேயே வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டத்தில் ஏறத்தாழ 100 கிலோ வெடிபொருளைப் பொலிஸார் தோண்டி எடுத்துவிட்டார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று ஏப்ரல் 4இல் இந்தியா பெயர் குறிப்பிட்டு எச்சரித்தது. தோட்டா எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு அந்த 100 கிலோவை எண்ணத் தெரியவில்லை. ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களில், 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில், புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களேதான். தாக்குதல்காரரின் கூட்டாளிகள் ஒளிந்திருந்த அந்த வீட்டில் ஆறு பிள்ளைகள் உட்படப் பதினைந்து பேர் செத்துக் கிடந்தார்கள்.

தகவல் கொடுத்ததற்குக் கிடைத்த சன்மானம் என்ன? சப்பாத்தும் மோப்ப நாயும் வீடு வீடாக ஏறின. குர்பானுக்கு மாடறுக்கும் கத்தி, உம்மாவின் குசினிக் கத்தி, வாப்பாவின் பழைய வாள் எல்லாம் மேசையில் பரப்பப்பட்டு தொலைக்காட்சியில் தேசியப் பாதுகாப்பாகக் காட்சி கொடுத்தன. பயத்தில் இறைச்சிக் கத்தியைக் கிணற்றில் போட்டவர்களும் உண்டு. ஹசலக்கவில் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பை உடுத்த ஒரு பெண்ணை, அது தர்மசக்கரம் என்று சொல்லி வாரக்கணக்கில் மறியலில் வைத்தார்கள். நாட்டில் அந்த மாதம் துணியும் வெடிபொருள்தான்.

எச்சரிக்கை வந்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறிய முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தவணை கேட்டார். துவக்கு லைசன்ஸ் கட்டணத்துக்குத் தவணை கேட்டுப் பாருங்கள்.

இத்தனை கண்காணிப்புக்கும் நடுவில் கிழக்குக் கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பது மட்டும் ஓயவில்லை. சந்தையில் அந்த மீன் கிடைத்தால் அறுத்துப் பாருங்கள்: முள்ளந்தண்டு முறிந்து, அதை ஒட்டி இரத்தம் கட்டி, சதை முள்ளை விட்டுக் கழன்று வரும். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்கிறது. கல் உடைக்க என்று எழுதி எடுத்த மருந்து கடலுக்குப் போகும் வழியில் எத்தனை சோதனைச் சாவடி இருக்கிறது! அங்கேயெல்லாம் மீன் வாங்க வந்தவனின் அடையாள அட்டையைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே மருந்து வைக்க ஆசைப்படும் பொதுமக்களுக்கு ஒரு யோசனை. சிறிதாகக் கேட்டுக் கெட்டுப்போகாதீர்கள். ஓர் இறாத்தலுக்கு விண்ணப்பித்தால் ஏன், எதற்கு என்று குடைவார்கள்; தொன் கணக்கில் கேளுங்கள், அபிவிருத்தி என்று எழுதுங்கள், முடிந்தால் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கடிதத் தலைப்பில் எழுதுங்கள். வாசலில் ஏதாவதொரு திணைக்களத்தின் பலகையைத் தொங்கவிடுங்கள். தப்பித் தவறி வெடித்தால் விசாரணைக்குழு அமையும், அறிக்கை வரும், அது வாசிக்கப்படாமல் அச்சாகும்.

பலகை கிடைக்காதவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. எங்கள் ஊர்களைச் சுற்றி எந்த முகாமில், எந்த வளவில், எந்தப் பாடசாலைக்குப் பக்கத்தில் எத்தனை கிலோ கிடக்கிறது என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் பிரிவில் தேசிய பாதுகாப்பு என்றொரு விலக்கு இருக்கிறது; பதில் அங்கேயே படுத்துவிடும். முழு விபரம் வேண்டுமானால் வெடிக்கும் வரை பொறுங்கள். முதல் பக்கத்தில், வான்படை எடுத்த படத்தோடு, கட்டணம் இல்லாமல் தருவார்கள்.