கிளி சொன்ன வழி

கொண்டா மக்கா அந்தப் பேப்பரை. கண்ணாடி சன்னல்ல இருக்கு, எடு.

கொள்ளாம். பிளான் கொள்ளாம். சனிக்கிழமை காலம்பற 5 மணிக்குத் திருவனந்தபுரம் விட்டு நெய்யாறு டேம், 7.15க்குப் பொன்முடி, 9 மணிக்குத் தென்மலை, உச்சைக்கு சாஸ்தாங்கோட்டைக் காயல், நாலு மணிக்குப் பாலருவி. எல்லா இடத்துக்கும் இருபது இருபது நிமிசம். ரயில்வேக்காரன் பாத்தா கையோட கூட்டிட்டுப் போயி வேலை குடுத்துருவான். ஒரே ஒரு சம்சயம்: மூத்திரம் பெய்ய எத்தன மணிக்குன்னு இதுல காணலியே?

தென்மலைக்கு மேக்க, அங்க தூரத்துல கெடக்கு சாஸ்தாங்கோட்டை. பாலருவி கெழக்க. நீ மேக்க ஓடி, திரும்பக் கெழக்க ஓடி வருவியாக்கும். நல்லதுதான், பெட்ரோல் பங்குக்காரனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்லா.

நான் என்ன கண்டேன்! செங்கோட்டைச் சரக்கு ஏத்திச் சாலைக் கம்போளத்துல இறக்குன லாரியில வெறும் கிளியாட்டு, அதாவது கிளீனராட்டுக் கெடந்தவன். எனக்கு மேப்பு தெரியாது. எந்த வளைவுல டிரைவருக்கு ஒறக்கம் வரும், எந்தக் கடையில கட்டஞ்சாயா சூடா கிட்டும், அவ்வளவுதான் தெரியும். நீ டெக்னோபார்க்குல கம்ப்யூட்டர் தட்டுறவன், உனக்குத் தெரியாததா?

பொன்முடிக்குப் போ, வேண்டாம்னு சொல்லல. கல்லாறு தாண்டுனா 22 கொண்டை ஊசி வளைவு, நம்பர் போட்டு வச்சிருக்கான். நீ எண்ணிக்கிட்டே ஏறு. மேல போனதும் என்ன பாத்தேன்னு கேட்டா 22ன்னு சொல்லலாம். மலையில மஞ்சு மூடுனா முன்ன போற வண்டி தெரியாது. பெருமழைன்னா ரோட்டையே அடைச்சிருவான். அதையும் உன் பேப்பர்ல 7.15க்கு எழுதிக்கோ.

பையில என்ன, எனர்ஜி டிரிங்கா? அரை டசனா? நல்லா குடி. போற வழியிலதான் பாலோடு. அங்க ஒரு பெரிய தாவரத் தோட்டம் இருக்கு, ஆராய்ச்சிக்காரங்க உள்ளது. 1987ல அவங்க அகத்திய மலைக்குப் போறப்போ காணிக்காரங்க வழிகாட்டியாப் போயிருக்காங்க. படிச்சவங்க எல்லாம் மூச்சு வாங்கி உக்காந்துட்டாங்க. காணிக்காரங்க மட்டும் என்னத்தையோ வாயில போட்டு மென்னுக்கிட்டு ஏறிக்கிட்டே இருந்தாங்க. அதுதான் ஆரோக்கியப் பச்சை, அதோட காயி. பொறவு அதுல இருந்து ஜீவனின்னு மருந்தே வந்திச்சு, காணிக்காரங்களுக்கும் அதுல பங்கு போச்சு. அவங்க சாடியா, டப்பாவா சொமந்துட்டுப் போனாங்க? ஆனா நீ சொம. உன் முதுகு, உன் இஷ்டம்.

பாலோடு, மடத்தற தாண்டி ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர். தை மாசம் போனா இலை உதிர்ந்து சருகு கெடக்கும். பனியில நனைஞ்ச சருகு மேல பிரேக்கு புடிச்சுப் பாரு, அப்போ தெரியும் உன் வண்டிக்கு ரெண்டு லட்சம் குடுத்த ருசி. வெளுக்கும் முன்னே பால்வெட்டுக்காரங்க தலையில லைட்டு கட்டி மரம் மரமா நடப்பாங்க. பட்டையில சரிவா ஒரு கீறு, வெள்ளைப் பால் நூலு மாதிரி இறங்கிச் சிரட்டையில சொட்டும். அங்க நின்னா உனக்கு இருபது நிமிசம் நஷ்டம். நிக்காதே.

அதுக்கடுத்தாப்ல குளத்துப்புழ. அங்க ரப்பர் வெட்டுறவங்க தமிழ் பேசுனா ஆச்சரியப்படாதே. நம்ம ஊரு தமிழும் இல்ல, மதுரைத் தமிழும் இல்ல. இலங்கைத் தேயிலைக் காட்டுல பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் டெல்லியில உக்காந்து பிளான் போட்டாங்க: 5 லட்சத்து 25 ஆயிரம் பேரு இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரு அங்கேயே, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பொறவு பாக்கலாம்னு. உன் பேப்பரை மாதிரியே கட்டம் கட்டமா சுத்தமா இருந்திருக்கும். கொழுந்து கிள்ளுன கை இங்க வந்து பால்வெட்டப் படிச்சிச்சு. அவங்களுக்குன்னு 1976ல புனலூர்ல ஒரு கம்பெனியே தொடங்குனாங்க. அங்க ஒரு சாயக்கடையில உக்காந்து, எந்தத் தோட்டத்துல இருந்து வந்தீங்க தாத்தான்னு ஒரு வார்த்தை கேட்டேன்னு வையி, உன் சனிக்கிழமை அங்கேயே தீந்துரும். அதனால ஹெல்மெட்டைக் கழத்தாமலே போயிரு.

குளத்துப்புழ சாஸ்தா கோயில் கடவுலயும் இறங்காதே. மீனு கூட்டம் கூட்டமா வந்து காலை முட்டும். யாரும் புடிக்க மாட்டாங்க, சாஸ்தாவோட பிள்ளைங்களாம். அதுகளுக்கு ஒரு பயமும் கெடையாது, மேனேஜரும் கெடையாது.

தென்மலையில டேம் கட்டி நிறுத்துன வெள்ளத்தைச் சுத்திக் காடு, செந்துருணிக் காடு. போட்டுல போகலாம், ஆனா போட்டு அவன் விடுற நேரத்துக்குத்தான் விடும், உன் நேரத்துக்கு இல்ல. ஆனை நின்னா வண்டியைத் தூரவே நிறுத்து. ஹாரன் அடிக்காதே. அது ரோட்டைக் கடக்க இருபது நிமிசம்னு கணக்கு வச்சிருக்காது. டுரோனு கொண்டு போறியா? காட்டுக்குள்ள அனுமதி இல்லாம பறக்க விட்டா வனத்துறைக்காரன் உனக்கு நல்லா நிழல் உள்ள ஒரு ரூமு காட்டுவான், சும்மாவே.

கழுதுருட்டியில பதிமூணு கண் பாலத்துப் பக்கம் கொஞ்சம் நிக்கலாம், அது போட்டோவுக்கு நல்லது. 1904ல கொல்லம், செங்கோட்டை ரயிலுக்குக் கட்டுனது. 2010ல மீட்டர் கேஜு ஓட்டத்தை நிறுத்தி, 2018லதான் பெரிய வண்டி முழுசா ஓடிச்சு. அந்த எட்டு வருசமும் பாலம் சும்மாதான் நின்னிச்சு, அதுக்கு ஒரு கொறையும் வரல.

பாலருவிக்கு உன் வண்டி போவாது, கேட்டியா? மெயின் ரோட்டுலேயே வச்சிட்டு வனத்துறை வண்டியில ஏறணும். மூணு மாசச் சம்பளத்துல வாங்குன ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு, தூக்குவாளி புடிச்ச பாட்டிமாருக்கு நடுவுல உக்காந்து போ. அந்தப் போட்டோவை மட்டும் எனக்கு அனுப்பு.

பொறவு இன்னொண்ணு. 2023 ஜூன்ல இருந்து கேரளா ரோட்டுல கேமரா வச்சுப் புடிக்கான். பின்னால இருக்கவனுக்கும் ஹெல்மெட்டு வேணும். ஏன் கேக்கியா? ஒத்தையாப் போறேன்னுதானே சொன்ன? வழி தெரியாதவன் ஒத்தையாப் போவலாமா மக்கா. எனக்குத் தலை கொஞ்சம் பெருசு, எக்ஸ்எல் சைஸு வாங்கு. மரச்சீனியும் மீன்கறியும் எங்க கிட்டும்னு நான் சொல்லுதேன். அந்தப் பேப்பரைக் குடுத்துரு, கெழவி சுக்குக் காயப்போட கேட்டுக்கிட்டிருந்தா.