ஒண்ணும் செய்யாத யானைக்கு ஒரு டிக்கெட்

பேராண்டி, கல்யாணம் முடிஞ்ச கையோட தாய்லாந்து கெளம்புறியாம், பாட்டி சொன்னா. சந்தோஷம். சியாங் மாய்ல யானை பாக்கப் போறீங்க, அதுவும் யானையைக் கொடுமைப்படுத்தாத எடமாத் தேடிப் பிடிச்சிருக்கீங்கன்னு உன் பொண்டாட்டி பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தா. எப்படித் தேடுனீங்கன்னு கேட்டேன். பலகையில 'சரணாலயம்'னு போட்டிருக்காம். அடேயப்பா! பேரு பொன்னம்மா, கழுத்துல கருகமணிகூட இல்லைங்கிற கதையெல்லாம் உங்க படிப்புல வரலையாக்கும்.

உன் சித்தப்பன் ஒரு தடவை என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போனான். அங்க பாத்ததையும் கேட்டதையும் வச்சுச் சொல்றேன். கேட்டாக் கேளு, கேக்காட்டி உன் காசு.

போய் எறங்குனதும் ஒரே ஒரு கேள்வி கேளு: "யானை எனக்கு என்ன செய்யும்?" முதுகுல ஏத்தும், பந்து ஒதைக்கும், தலையில தொப்பி மாட்டிவிடும், படம் வரைஞ்சு கையில குடுக்கும்னு வாய் நெறையச் சொன்னான்னு வையி, ஒரு கும்பிடு போட்டுட்டு வண்டியத் திருப்பு. "ஒண்ணும் செய்யாதுங்க, நின்னு பாத்துட்டுப் போகலாம்"னு சொன்னா, அங்க டிக்கெட் எடு.

படம் வரையிற யானைன்னதும் உனக்கு ஆசை வரும். யானையப் பாக்காத, பாகன் கையைப் பாரு. காது மடலைப் பிடிச்சபடி ஒட்டியே நிப்பான். காது எந்தப் பக்கம் இழுபடுதோ, தூரிகை அந்தப் பக்கம் போகும். காலையில வந்தவனுக்கும் அதே பூச்செடி, சாயங்காலம் வந்தவனுக்கும் அதே பூச்செடி. நீயும் ஆறாங்கிளாஸ் வரைக்கும் ரெண்டு மலை, நடுவுல ஒரு சூரியன்தான் வரைஞ்சே. எவனும் விலைக்குக் கேக்கலையே.

யானை தானா மனுசன் பேச்சைக் கேக்காதுடா. குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிச்சு, மரச்சட்டத்துக்குள்ள அசைய விடாமக் கட்டி, பட்டினி போட்டு, அடிச்சு, இனி எதுத்து ஒண்ணும் ஆகாதுன்னு அது மனசு ஒடியிற வரைக்கும் வச்சிருப்பாங்க. ஃபாஜான்னு அங்க அதுக்குப் பேரு. முதுகுல ஒக்காந்து நீ எடுக்குற செல்ஃபிக்கு அஸ்திவாரம் அதுதான்.

'சவாரியெல்லாம் எங்களுக்குப் பிடிக்காது தாத்தா, குளிப்பாட்டத்தான் போறோம்'னு உன் பொண்டாட்டி சொல்லுவா. அங்கதான் ஏமாறுறீங்க. சவாரி கொடுமைன்னு வெள்ளைக்காரன் மொகத்தைத் திருப்புனதும், பல எடத்துல அம்பாரியக் கழட்டிப் போட்டுட்டு வாளியும் பிரஷும் வாங்கிட்டாங்க. பலகைக்கும் புதுசா ஒரு பூச்சு. யானை தன் இஷ்டத்துக்குத் தண்ணியில எறங்கும். ஏறுனதும் மண்ணை அள்ளித் தலையில கொட்டிக்கும். வெயிலும் பூச்சியும் அண்டாம இருக்க அதுக்கு அந்தச் சேறுதான் சட்டை. அதைப் போட்டு முடிக்கு முன்னால அடுத்த வேன்ல ஆள் வந்து தேச்சுக் கழுவுறான். அவன் போனதும் இன்னொரு வேன். வீட்டுல ஒரு வாளித் தண்ணி தூக்குன்னா இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு படுக்குற பய, அங்க பணத்தைக் கட்டி யானைக்கு முதுகு தேய்ப்பானாம்!

வெளையாட்டுன்னு நெனைக்காத. 2025 ஜனவரியில கோ யாவ் யாய் தீவுல இப்படிக் குளிப்பாட்டிக்கிட்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருத்தி, அந்த யானை தாக்கி இறந்தே போனா. முன்பின் தெரியாத ஆளு பத்துப் பேரு தொட்டாலும் யானை சும்மா நிக்கணும்னா, ஒருத்தன் அதை மெரட்டி நிறுத்தணும். பாகன் கையில அங்குசம் இல்லைன்னு சந்தோஷப்படாத, இடுப்புத் துணிக்குள்ள ஏதும் துருத்திக்கிட்டு இருக்கான்னு பாரு. குட்டி துள்ளி வெளையாடுற எடத்துல, 'தாய் எங்கப்பா?'ன்னு கேளு. குட்டி இருந்தாக் கூட்டம் வரும். கூட்டத்துக்காகவே குட்டி போட வைக்கிறவனும் இருக்கான்.

அப்ப எங்கதான் போறதுன்னு கேப்பே. சியாங் மாய்க்கு வடக்க ஒரு அறுபது கிலோமீட்டர்ல, மே தேங் பக்கம் எலிஃபன்ட் நேச்சர் பார்க்னு இருக்கு. லெக்னு எல்லாரும் கூப்பிடுற ஒரு அம்மா நடத்துறது. கூப்புல மரம் இழுத்ததும், சவாரி சுமந்ததும், கால் ஒடிஞ்சதும், கண்ணு போனதுமா கெழடுகட்டைக அங்க நெறைய. ஜோக்கியான்னு ஒண்ணைப் பத்தி வழிகாட்டிப் பையன் சொன்னான். மரம் இழுக்குற வேலையில குட்டியப் பறிகொடுத்த யானை. அதுக்கப்புறம் வேலை செய்ய மாட்டேன்னு நின்னுருச்சாம். விடுவாங்களா? கொடுமை பண்ணிப் பண்ணி ரெண்டு கண்ணும் போச்சு. அங்க வந்து சேந்ததும் மே பெர்ம்னு ஒரு கெழவி யானை பக்கத்துலயே நடந்து அதுக்கு வழி காட்டிச்சாம்.

சமையக்கூடத்தை அவசியம் பாரு. பூசணியும் தர்பூசணியும் மலையாக் குவிஞ்சு கெடக்கும். ஒருத்தி வாழைப்பழத்தையும் சோத்தையும் பெசைஞ்சு கவளம் உருட்டிக்கிட்டிருந்தா. பல்லுப் போன யானைகளுக்காம். யானைக்கு ஆயுசுல ஆறு தடவை கடவாப்பல்லு மொளைக்கும், ஆறாவதும் தேஞ்சுபோச்சுன்னா அப்புறம் கொழைச்ச சோறுதான். நமக்கு ரெண்டு தடவையோட சரி. ஒரு கவளம் எனக்கும் குடுத்தா நல்லாருக்கும்னு தோணிச்சு, கேக்க வெக்கமாப் போச்சு.

மத்தபடி அங்க வேடிக்கை ஒண்ணும் கெடையாது. யானை திங்கும், லத்தி போடும், மரத்துல முதுகை ஒரசும், திரும்பவும் திங்கும். பாதி நேரம் நமக்குப் பின்பக்கத்தைத்தான் காட்டிக்கிட்டு நிக்கும். உன் சித்தப்பன் 'காசு வேஸ்ட்டுப்பா'ன்னு மொணங்குனான். நம்ம பக்கம் திரும்ப வேண்டிய கட்டாயம் அதுக்கு இல்லைங்கிறதைப் பாக்கத்தாண்டா அந்தக் காசு!

இன்னொண்ணு. பாகனைப் பாத்ததும் போலீஸ்காரன் மாதிரி மொறைக்காத. 1988 நவம்பர்ல தெக்குத் தாய்லாந்துல பெருவெள்ளம், நூத்துக்கணக்குல சனம் செத்துச்சு. மரம் வெட்டி மலைய மொட்டையடிச்சதுதான் காரணம்னு, 1989 ஜனவரியில கூப்பு வேலைக்கே அரசாங்கம் தடை போட்டுச்சு. காட்டுக்கு நல்லது. ஆனா மரம் இழுத்த யானைக்கும் அதோட பாகனுக்கும் ஒரே ராத்திரியில சோறு போச்சு. அவன் யானையோட பாங்காக் தெருவுல பிச்சைக்கு நின்னான், அப்புறம் சவாரிக்கு வந்தான். 'செத்தாலும் ஆயிரம் பொன்'ங்கிற நம்ம பழமொழிய அவன்கிட்டச் சொல்லிராத. உசுரோட இருக்கிற யானைக்குத் தெனமும் நூத்தம்பது கிலோ தீனி வேணும். 2020ல கொரோனா வந்து ஆள்வரத்து நின்னதும், தீனி போட வழியில்லாம எத்தனையோ யானைக சுரின் மாதிரி சொந்த ஊருக்கு நடையக் கட்டுச்சுக.

காட்டுல விட்டுர வேண்டியதுதானேம்பே. எந்தக் காட்டுல? காட்டு யானைக்கு வனவிலங்குச் சட்டம் இருக்கு. வளர்ப்பு யானை, 1939ல போட்ட சட்டப்படி, மாடு எருமையோட சேந்த உழைப்பு மிருகம். அது பாகன்கூடத்தான் இருந்தாகணும். அதனால சங்கிலியப் பாத்த ஒடனே குதிக்காத. ராத்திரி பக்கத்துத் தோட்டத்துல பூந்துரக் கூடாதுன்னு கட்டி வைக்கிறவனும் உண்டு. எத்தனை மணி நேரம் கட்டுவீங்க, எவ்வளவு நீளச் சங்கிலி, பகல்ல அவுத்து விடுறீங்களான்னு மரியாதையாக் கேளு. சும்மா நிக்கிற யானையப் பாக்க நீ காசு குடுத்தாத்தான், சும்மா நிக்க விட்டாலும் பொழைக்கலாம்னு பாகனுக்குத் தைரியம் வரும்.

திரும்பி வந்து ஊர் பூரா நியாயம் பேசுவே, தெரியும். பேசிக்கோ. ஆனா அதே வாயோட கோயில் யானை முன்னால சில்லறைய நீட்டி ஆசீர்வாதத்துக்குத் தலையக் குனிஞ்சு நிக்காத, நான் பாத்தாச் சிரிச்சுருவேன்.

யானை முடி மோதிரம் ஒண்ணு வாங்கியாடான்னு பாட்டி உன் காதுல போட்டிருப்பா, பயம் போகுமாம். கெடைக்கலைன்னு சொல்லிரு. இந்த வீட்டுல பயந்து சாகுற ஆளு நான் ஒருத்தன்தான். நானே மோதிரம் இல்லாமத்தானே காலத்தை ஓட்டுறேன்!