மஞ்சள் கருவை என்ன செய்தார்கள்?

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் சுற்றிக் காட்டுகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த வேலைக்கு முதலில் வேண்டியது முழங்கால். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்த் திரும்பினால் அன்றைய நடைப்பயிற்சி முடிந்தது.

அடுத்தது, முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். “சுவர் எப்படி இப்படி மின்னுது?” என்பார்கள். சுண்ணாம்பை மைபோல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது என்பேன். உடனே கூட்டத்தில் ஒருவர், “அப்ப மஞ்சள் கருவை என்ன பண்ணாங்க?” என்பார். ஒவ்வொரு வாரமும் அந்த ஒருவர் தவறாமல் வந்துவிடுகிறார். இப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோலச் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டு, “தெரியாதுங்க” என்று சொல்லும் துணிச்சலும் வேண்டும். அது இல்லாதவர்கள், கப்பலேற்றி பர்மாவுக்கு அனுப்பியதாகச் சொல்லி, அங்கிருந்து வீட்டுக்குத் தேக்கு வந்த கணக்கையும் அதிலேயே நேர்செய்துவிடுவார்கள்.

“தொடாதீங்க” என்று கத்துவதால் பயனில்லை. சொன்ன பிறகுதான் கை நீளும். தரையைக் காட்டி, “ஆத்தங்குடிக் கல், தொட்டுப் பாருங்க” என்பேன். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்த்தது. அந்த வழவழப்பில் கை மகிழ்ந்து, பீங்கான் ஜாடியை மறந்துவிடும்.

எல்லாவற்றிலும் கடினம், வாயை மூடிக்கொள்வது. வளவு எனும் முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆச்சி குறுக்கிட்டார்: “தம்பி, இதுல கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. ‘வேறு வச்சிட்டா’ அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் அவங்க அவங்களுக்குத் தனி. வீடு ஒண்ணு, உலை நாலு. அதனாலதான் மாமியாரும் நானும் சண்டை போடாம இருந்தோம்.” கூட்டம் என்னை விட்டு ஆச்சி பின்னால் நகர்ந்தது. நானும் போனேன்.

“இப்ப வித்தா எவ்வளவு போகும்?” என்ற கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால், மிக யோசித்துப் பதில் சொல்ல வேண்டியது கடைசிக் கேள்விக்குத்தான்: “இங்க நல்ல மெஸ் எது?” வரலாற்றில் பிசகினால் யாரும் திரும்பி வந்து கேட்பதில்லை. கோழிக் குழம்பில் பிசகினால், சாயங்காலமே வருவார்கள்.