ஆறு எத்தனை மாதம் ஓடும்?

கேள்வி: ஒரே மெஷின், ஒரே சரக்கு. கம்பெனி எந்த ஊரில் இருந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்கள் பக்கத்து ஊர் திருப்பூரே பதில் சொல்லும். துணிக்குச் சாயம் ஏற்ற, தண்ணீரும் உப்பும் ஏராளமாக வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உப்புத் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். வற்றாத பேராறு அருகில் இருந்தால் ஓரளவு நீர்த்துப்போகும்; அதுவும் சரியில்லைதான். திருப்பூருக்கு வாய்த்ததோ நொய்யல், மழைக்கு மட்டும் பெருகும் ஆறு. மற்ற மாதங்களில் சாயக்கழிவே ஆறாக ஓடியது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கழிவுத் தொட்டியானது. தண்ணீர் கேட்டுப் போராடும் விவசாயிகள் உண்டு. இங்கே அணைத் தண்ணீரே வேண்டாம் என்றார்கள்! அவர்கள் கிணறுகளும் உப்பேறிப் போயிருந்தன.

கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாதபடி சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. இன்று அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்து, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

காற்றுக்கும் இதே கணக்குதான். அலுமினியம் உருக்க மின்சாரம் மலையளவு வேண்டும். ஐஸ்லாந்தில் அது ஆற்று நீரிலிருந்தும் பூமிச் சூட்டிலிருந்தும் வருகிறது. நிலக்கரி மின்சாரம் உள்ள ஊரில் அதே அலுமினியத்துக்குப் புகை பல மடங்கு.

உங்கள் ஊருக்குப் புதுத் தொழிற்சாலை வந்தால், வேலை எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். கூடவே, கழிவு எந்த ஆற்றுக்கு என்றும் கேளுங்கள்.