பட்டாணியும் பேஸ்மேக்கரும்

நீட் ரிசல்ட் வந்த வாரத்தில் தமிழ்நாட்டுப் பெற்றோர் எல்லோரும் கவுன்சலிங் நிபுணர்கள் ஆகிவிடுகிறார்கள். எம்.பி.பி.எஸ். கைநழுவிப் போன வீட்டில் உடனே ஒரு பட்டியல் தயாராகும்: பல் டாக்டர், மாட்டு டாக்டர், பிசியோதெரபி, பார்மசி. நடுவில் எங்கோ பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கும் இருக்கும். பாதி டாக்டர், பாதி இன்ஜினியர். ஜாதகத்தோடு அனுப்பும்போது எந்தப் பாதி எடுபடுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

என் அக்கா மகளுக்கு டாக்டராகும் ஆசையே கிடையாது. அவளுக்கு வேண்டியது மரபணு ஆராய்ச்சி. காரணம், எங்கள் குடும்பத்துத் தும்மல். அப்பா வாசற்படி தாண்டி வெயிலில் தலை காட்டியதும் தும்முவார். கிளம்பும்போது தும்மினால் காரியம் விளங்காது என்று அம்மா அவரைத் திரும்ப உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். மறுபடி கிளம்புவார், மறுபடி வெயில், மறுபடி தும்மல். அக்காவுக்கும் அது உண்டு, எனக்கும் உண்டு. வெளிச்சம் பட்டால் தும்முவது பரம்பரையாக வரும் சமாசாரம், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பிளஸ் டூ படிக்கும்போது இவள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய சகுனம் ஒரே மத்தியானத்தில் சயின்ஸ் ஆகிவிட்டது. அம்மா மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, மரபணு படிக்க எங்கே போவது? "பயோமெடிக்கல்தான்" என்றார் அத்தான். நான் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். சர்க்யூட், சிக்னல், சென்சார், இ.சி.ஜி., ஸ்கேன் மெஷின், வென்டிலேட்டர், பேஸ்மேக்கர், செயற்கைக் கால். ஜீன் எங்கே என்று தேடத்தான் வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, கவுன்சலிங் கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலுக்குச் சைபர். அதில் அவள் எடுத்த மார்க்கை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிக்கொள்ளலாம்.

நேர்வழி வேறு இருக்கிறது: பி.எஸ்ஸி. ஜெனடிக்ஸ், பி.டெக். பயோடெக்னாலஜி, ஐசரில் ஐந்து வருடப் படிப்பு. சொன்னேன். "பி.எஸ்ஸி.யா?" என்று அக்கா கேட்ட தொனியில், யாரோ தவறிப்போன செய்தியைச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பிறகு இந்தத் துறையின் வம்சாவளியைப் புரட்டினேன். பெரிய மனிதர்களில் பலர் ஒழுங்கான வழியில் வந்தவர்களே இல்லை. பட்டாணிச் செடியை வைத்து எல்லாவற்றையும் தொடங்கிவைத்த மெண்டல் ஒரு துறவி. ஆசிரியர் தேர்வில் ஃபெயிலானவர். டி.என்.ஏ.யின் வடிவத்தைச் சொன்ன இருவரில் கிரிக் படித்தது இயற்பியல். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடி மாணவராகப் போய் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்தார். 2009-இல் நோபல் கிடைத்தது வேதியியலுக்கு. எங்கள் வீட்டில் யாராவது இப்படிச் செய்திருந்தால் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போயிருப்பார்கள்.

மனித ஜீனோமைப் படிக்கும் திட்டம் 1990-இல் தொடங்கி 2003 வரை நடந்தது. ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். போட்ட பட்ஜெட்டும் ஏறக்குறைய 300 கோடி டாலர். எழுத்துக்கு ஒரு டாலர்! ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர்கூட அந்த ரேட் கேட்கமாட்டார். இன்று அதே வேலை ஆயிரம் டாலருக்குள் முடிகிறது. சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மேனும் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய முறைக்கு இதில் பெரிய பங்கு. இருவருமே வேதியியல்காரர்கள். அந்த முறையை மெஷினாக்கியது லேசர், கேமரா, நுண்ணிய தடங்களில் ஓடும் திரவம், ஒளிப்புள்ளிகளை எழுத்தாக மாற்றும் கணக்கு. பயோமெடிக்கல்காரர்கள் மாரடிக்கும் சரக்கு இதுதான். அத்தான் சொன்னது, காரணம் தெரியாமலே, பாதி சரி.

ஆகவே என் தீர்ப்பு: செல் வளர்த்து, விலங்கின் ஜீனை மாற்றிப் பார்க்கும் ஆசை என்றால் பயோடெக். மெஷினைக் கழற்றிப் பார்க்காமல் தூக்கம் வராது என்றால் பயோமெடிக்கல். ஆனால் மூலக்கூறு உயிரியல், புள்ளியியல், பைத்தான் மூன்றையும் சொந்தச் செலவில் சுமக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் பிஎச்.டி.யிலிருந்து தப்ப முடியாது. அத்தான் விரல் விட்டு வருஷத்தை எண்ணினார். கல்யாண வயதைத் தாண்டி விரல் போனதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"மாமா, ஜீனைப் படிக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. எல்லாரும் அந்த மெஷினுக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் மெஷின் பக்கம் போறேன்" என்றாள் அவள்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அது ரிப்பேர் ஆனா உன்னைத்தான் கூப்பிடுவாங்களா?"

அப்போதுதான் அத்தானுக்கு முகம் மலர்ந்தது. ஏ.எம்.சி. கான்ட்ராக்ட் எடுத்துவிட்டால் வருஷா வருஷம் பணம் வந்துகொண்டே இருக்கும் என்றார்.