கணக்கு அண்ணாச்சி பதில்கள்

புதுமாப்பிள்ளை, மாப்பிள்ளையூரணி
*அண்ணாச்சி, சம்பளம் பதினெட்டாயிரம். பத்தாம் தேதிக்குள் காலி. எங்கே போகிறது என்றே தெரியவில்லை.*

மைத்துனர்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரி புரோட்டா கடைக்குப் போகிறீர்களே, அங்கே விசாரியுங்கள் தம்பி, துப்புக் கிடைக்கும். சம்பளம் வந்த அன்றே 500 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டுவிடுங்கள். 100 ரூபாயிலிருந்தே கணக்குத் தொடங்கலாம். மாசக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருப்பவர்கள் மாசக் கடைசியில் கைமாற்று கேட்டுத்தான் வருவார்கள். என் வீடு பூட்டியிருக்கும்.

ஒரு குடும்பத்தலைவி, திரேஸ்புரம்
*ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டால் வாங்குவது லாபம்தானே?*

இந்தக் கேள்வியை நம்ம ஊர்க்காரர் கேட்கலாமா தாயி? இலவசத்தின் முழுச் சரித்திரமும் நம்ம துறைமுகத்தில்தான் நடந்தது.

1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். அதுவரை அந்தக் கடலைத் தன் கொல்லைப்புறம் என்று நினைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்குத் தூக்கம் போயிற்று. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே வெள்ளைக்காரன், "சும்மா ஏறு, காசே வேண்டாம், கூடவே ஒரு குடையும் தர்றேன்" என்றான்.

குடை! கொழும்பில் மழை பெய்யுமே என்ற கரிசனமா? 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி முடிந்தது. அவர் பாடுபட்டு வாங்கிய 'காலியா' கப்பல் கடைசியில் அந்தப் போட்டிக் கம்பெனிக்கே விலைபோனது. போட்டியே இல்லாத கடலில் யார் குடை கொடுப்பார்கள்?

ஆகவே எந்த இலவசத்தைப் பார்த்தாலும் "குடைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். 999 ரூபாய்க்கு வாங்கினால் கொண்டுவந்து தரும் கூலி இலவசம் என்றால், 40 ரூபாயை மிச்சப்படுத்த 300 ரூபாய்க்கு வேண்டாத டப்பா வாங்குவீர்கள். மூன்று மாதம் இலவசச் சந்தா என்றால், நாலாவது மாதம் வங்கிக் கணக்கில் தானாகக் கை விழும். கடையில் பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பத்து ரூபாயாகவேதான் இருக்கிறது. பிஸ்கட்தான் மெலிந்துகொண்டே போகிறது.

அவசரக்காரர், முத்தையாபுரம்
*பெட்ரோல் செலவைக் குறைக்க வழி?*

வெளிவேலைக்கெல்லாம் மனைவியை அனுப்புங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து அவருக்கு டிக்கெட் காசு கிடையாது. நீங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கலாம், அதற்கும் பெட்ரோல் வேண்டாம்.

தத்துவப் பிரியர், ஓட்டப்பிடாரம்
*சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் என்ன வித்தியாசம்?*

விருந்தாளி எத்தனை நாள் தங்கினார் என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

வியர்வை வேந்தர், தாளமுத்துநகர்
*கரண்ட் பில் எகிறுகிறது. ஏ.சி.யை நிறுத்தாமல் குறைக்க முடியுமா?*

கடற்கரை ஊரில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏ.சி. போடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆசிரியர் அதை அச்சிட மாட்டார். காற்றாடிக்கு மட்டும் கணக்குச் சொல்கிறேன். பழைய காற்றாடி 75 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். புது வகை பி.எல்.டி.சி. காற்றாடி 30 வாட் அளவில் ஓடும், அதே நேரத்துக்கு 18 யூனிட். மூன்று காற்றாடி மாற்றினால் 81 யூனிட் மிச்சம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், தெரியும். 500-ஐத் தாண்டினால் ஒரே ஒரு யூனிட்டுக்காக விலைப்பட்டியலே மாறும் என்பது பில் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. 480-ல் நிற்கிறவர் கணக்கெடுக்கும் வாரம் மொட்டைமாடியில் படுக்கட்டும்.

மீன் பைத்தியம், தருவைகுளம்
*தடைக்காலத்தில் மீன் விலை கேட்டாலே மயக்கம் வருகிறது. என்ன செய்ய?*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மட்டும் போனால் வரத்துக் குறையும், விலை ஏறத்தான் செய்யும். மார்ச் மாதமே கருவாடு வாங்கிப் பானையில் போட்டு வையுங்கள். மற்ற நாளில் சாளை வாங்குங்கள். சீலா வாங்குகிறவர்களில் பாதிப்பேர் எதிர்வீட்டுக்காரர் பையைப் பார்க்க வேண்டும் என்றே வாங்குகிறார்கள் என்பது என் தீர்மானமான முடிவு. மண்சட்டியில் புளி கரைத்து வைத்த சாளைக் குழம்பை மறுநாள் காலை பழைய சோற்றோடு சாப்பிட்டுவிட்டு, அதன்பிறகும் சீலாவுக்காக வாதாடுகிறவர் இருந்தால் எழுதட்டும். நான் படிக்க மாட்டேன்.

பெயர் வேண்டாம், மாப்பிள்ளையூரணி
*என் மச்சான் போனில் ரம்மி ஆடி மோட்டார் பைக்கை அடகு வைத்துவிட்டான். ஒரு நாள் விட்டதைப் பிடித்துவிடுவேன் என்கிறான்.*

உங்கள் மச்சானை அந்தக் காலத்து முத்துச் சிலாபத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா, யாருக்கும் தெரியாது. வாங்கியவர் வெயிலில் கொட்டி, அது அழுகி, புழு நெளிந்து, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகு கழுவிக் கழுவித் தேடுவார். சிலருக்கு முத்து, பலருக்கு நாற்றம். வெள்ளைக்கார அரசாங்கம் மட்டும் அந்தச் சூதில் இறங்கவில்லை. குவியலில் மூன்றில் இரண்டு பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டு, மூச்சடக்கி முக்குளித்தவருக்கு ஒரு பங்கு கொடுத்தது. ஆட்டத்தை நடத்துகிறவன் ஆடுவதில்லை, அவ்வளவுதான் சூட்சுமம்.

சிப்பி நாறியதால் வீட்டுக்காரிக்காவது விஷயம் தெரிந்தது. போன் நாறுவதில்லை. லாட்டரியை 2003-ல் தமிழ்நாடு ஒழித்தது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ல் மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது. இன்னும் ஆடுகிறார் என்றால் திருட்டுச் செயலியில் ஆடுகிறார், ஜெயித்தாலும் பணம் வராது. பைக்கை மீட்டு, சாவியை அக்காவிடம் கொடுங்கள்.

நம்பிக்கையற்றவர், தூத்துக்குடி
*சிறுகச் சிறுகச் சேர்த்துப் பெரிதாக வந்தது என்று எதையாவது காட்ட முடியுமா?*

நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று தங்கள் உறவின்முறைச் சங்கத்துக்கு மகமை எடுத்துவைத்தார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள் 1921-ல் இதே ஊரில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. தனி ஆள் உண்டியல் அவசரத்துக்கு உடையும். நாலு பேர் சாட்சியாக எடுத்துவைத்த காசு தப்பிக்கும்.

உப்பளத் தொழிலாளி, முள்ளக்காடு
*மழைக்கு மூன்று மாதம் வேலை கிடையாது. வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிடுகிறோம். அதைக் கட்டவே அடுத்த வருஷக் கூலி போகிறது. எப்படிச் சேமிப்பது அண்ணாச்சி?*

அக்கா, உங்களிடம் டீயைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெயில் கண்ணைப் பறிக்கும் பாத்தியில், கால் வெடித்து நிற்கிறவர் வீட்டில் வீண்செலவு என்று எதைத் தேடுவது? குறைவது உங்கள் கூலி.

இருந்தாலும் கேட்டீர்கள். பத்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால் மூன்று மாதத்தில் வட்டி மட்டும் 3,000. ஒரு தோடு இருந்தாலும் வட்டிக்காரரிடம் போகாமல் கூட்டுறவு வங்கிக்கோ அரசு வங்கிக்கோ போங்கள். நகைக்கடன் வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் அளவில்தான் இருக்கும், அதே பத்தாயிரத்துக்கு 300 சொச்சம். கந்துவட்டி 2003-லிருந்து சட்டப்படி குற்றம். மிரட்டினால் புகார் கொடுக்கலாம், தனியாகப் போகாதீர்கள், குழுவாகப் போங்கள்.

மழைக்காலத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் 2022-ல் தொடங்கியது. நலவாரியப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதால் அதை இழந்துவிடாதீர்கள். வேலை இருக்கும் ஒன்பது மாதமும், மாதம் 25 நாள், நாளுக்கு 20 ரூபாய் குழுவில் போட்டால் 4,500 சேரும். இதே 4,500-ஐச் சேர்க்க மீனவப் பெண்கள் 1,500 கட்டினால் போதும், மீதி 3,000-ஐ அரசு போடுகிறது. கடலுக்கு உள்ள திட்டம் கடல்நீரைக் காய்ச்சுகிறவர்களுக்கு ஏன் இல்லை? சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். சிக்கனத்தால் ஆவது கொஞ்சம், கேட்டு வாங்குவதால்தான் மீதி.

விழா நாயகர், கோரம்பள்ளம்
*மொய் செய்வது செலவா, சேமிப்பா?*

வட்டியில்லாத வைப்புநிதி. முதிர்வு நாள் உங்கள் மகள் கல்யாணம். பாஸ்புக் அடுத்தவர் வீட்டில். எழுதும்போது இனிஷியலையும் தெருவையும் சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் ஊரில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மகள்கள் இருக்கிறார்கள்.